முன்சீட்டு

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். சோபாவில் உட்காருங்கள். அதுவும் தவணையில் வாங்கியதுதான், ஆனால் தவணை முடிந்துவிட்டது. இந்த வீட்டில் தவணை முடிந்த ஒரே பொருள் அது. தைரியமாகச் சாயலாம்.

மருமகள் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். அவளுடைய ஜவுளிக் கம்பெனியில் ஏதோ ஆடிட்டாம். போனில் சொன்னாள். "மாமா, காரு பார்க்க ஒருத்தரு வருவாருங்க. பல்லடத்துக்காரரு. சாவியைக் குடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, தண்ணி குடுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க. இந்த வண்டி இன்னைக்குப் போயாகணும்" என்றாள்.

வேறு ஒன்றும் பேசாதே என்று என்னிடம் சொல்கிறாள். மில் கேட்டில் நின்று பேசிப் பேசியே தொண்டை போனவன் நான். போலீஸ் மைக்கைப் பிடுங்கியபோதும் வெறும் வாயால் பேசி முடித்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். சரி, அவள் சொன்னபடியே இருக்கட்டும். நான் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் குடியுங்கள்.

ஏன் இன்றைக்கே போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டும். இரண்டு தவணை தவறிவிட்டது. மாதக் கடைசிக்குள் இவர்களே விற்றால் கார்க் கடனையும் கார்டுக் கடனையும் கட்டிவிட்டு ஏதோ கொஞ்சம் கையில் நிற்கும். இல்லாவிட்டால் பைனான்ஸ்காரன் வந்து வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போவான், கையில் ஒன்றும் நிற்காது. இதையெல்லாம் வாங்க வந்தவரிடம் சொல்லக்கூடாது என்பாள் மருமகள் சுகந்தி. உண்மையைச் சொல்ல எனக்கென்ன பயம்?

என் பெயர் ஆறுக்குட்டி. சிங்காநல்லூர் பக்கம் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் தோழர் ஆறுக்குட்டி என்றால் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். ராத்திரி ஷிப்டில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொண்டே ஒரு வரி, அடுத்த அறுப்புக்கு இன்னொரு வரி. அப்படிப் படித்த படிப்பு. நான் பேசினாலே அச்சடித்த மாதிரி இருக்கிறதென்று என் பேத்தி தன்யா கேலி செய்வாள். செய்யட்டும். அவள் பேசுவது எனக்குத் தமிழ் மாதிரியே இல்லை.

சம்பள நாளில் மில் கேட்டுக்கு வெளியே வட்டிக்காரர்கள் சைக்கிளை நிறுத்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். தொழிலாளி கவரைப் பிரிப்பதற்குள் பிடுங்குவார்கள். அவர்களை அங்கிருந்து விரட்ட நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்போது வட்டிக்காரன் கேட்டில் நிற்பதில்லை. என் மகனுடைய சட்டைப் பைக்குள் இருக்கிறான், போனில். காலையில் முதல் செய்தி அவனுடையது. அன்பு வாடிக்கையாளரே என்று ஆரம்பிக்கிறான். அன்பாம். பழைய வட்டிக்காரன் கெட்ட வார்த்தையில்தான் கூப்பிடுவான், அதில் ஒரு நேர்மை இருந்தது. இவனுடைய அன்பில் அதுகூட இல்லை.

மகனுக்குச் சமதர்மன் என்று பெயர் வைத்தேன். பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. ஆபீஸில் சாம் என்று கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் போனில் அவனே "சாம் பேசறேன்" என்றான். நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, அது வேறு விஷயம். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

உள்ளே சமையலறையைப் பாருங்கள், இங்கிருந்தே தெரியும். மாடுலர் கிச்சனாம். இழுத்தால் வருகிறது, விட்டால் தானாக உள்ளே போகிறது. சத்தமே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது? சீரகமும் கடுகும். சோறு என்னவோ போனில் வந்தது. ஒரு பையன் மழையில் நனைந்துகொண்டு கொண்டு வந்து கொடுப்பான். அவனுக்கு பி.எஃப். உண்டா, ஈ.எஸ்.ஐ. உண்டா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் ஓடிவிடுவான். அவன் மீதும் எனக்கு வெறுப்புதான். கேட்கிறவனுக்கு நின்று பதில் சொல்லாதவனை எப்படி அணி திரட்டுவது?

பேத்தியின் பிறந்தநாளை ஓட்டலில் வைத்தார்கள். வந்த பிள்ளைகளுக்கு இவர்கள் பரிசு கொடுத்து அனுப்பினார்கள். நீங்களே சொல்லுங்கள், பிறந்தது இவள், பரிசு அவர்களுக்கா? மகனைக் கேட்டேன்.

"எல்லாரும் பண்றாங்கப்பா."

"எல்லாரும் என்றால் யார்? ஒரு பேர் சொல்லு."

"அப்பா, ஐஸ்கிரீம் உருகுது, சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். இரண்டாவது கிண்ணமும் வைத்தார்கள். வீணாகும் என்று அதையும் சாப்பிட்டேன். ஆனால் மனம் ஒப்பிச் சாப்பிடவில்லை.

நான் வாழ்நாளில் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. மில்லை மூடியபோது மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு செட்டில்மெண்ட் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் போடவில்லை. இன்று வரைக்கும் போடவில்லை. வழக்கு நடக்கிறது. சமதர்மனை என் சம்சாரம் மாராத்தாள்தான் இட்லி சுட்டு விற்றுப் படிக்க வைத்தாள். அவள் அங்கங்கே கைமாற்று வாங்கியிருந்தாளாம். அவள் போன பிறகு கேட்டு வந்தவர்களுக்கு இவன் அடைத்தான். அது அவர்கள் இரண்டு பேருக்குள் உள்ள கணக்கு. நான் கையெழுத்துப் போடவில்லை, கடனும் வாங்கவில்லை.

அந்தக் கார்டுக் கடன் எப்படி ஏறியது என்று கேட்பீர்கள். கோவா போனார்கள், அது கொஞ்சம். ஓட்டல், அது கொஞ்சம். மிச்சம் எனக்கு நெஞ்சில் சளி கட்டியபோது தனியார் ஆஸ்பத்திரியில் தேய்த்தது. மில் பஞ்சு இன்னும் நெஞ்சுக்குள் இருக்கிறது, மழைக்காலத்தில் அது வேலையைக் காட்டும். எனக்கு நினைவிருந்திருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பேன், ஊரறிந்த கொள்கை அது. நினைவு இல்லை. நினைவில்லாத மனிதனைத் தூக்கிக்கொண்டு போய்த் தனியார் முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கேட்டால் சுகந்தி, "அன்னைக்கு உங்களுக்கு ஒதடு நீலமாயிருச்சுங்க மாமா" என்கிறாள். உதடு என்ன நிறமானால் என்ன, கொள்கை கொள்கைதான்.

ஆக, நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் பேசிப் பயனில்லை, போராட்டம்தான். முறைப்படி கோரிக்கை மனு எழுதினேன். நான்கு கோரிக்கை. முன்னறிவிப்பு கொடுத்தேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதன் மேல் பேத்தி பள்ளிக்கூட டைம்டேபிளை ஒட்டிவிட்டாள். நான் எடுக்கவில்லை. நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, படிக்காதது நிர்வாகத்தின் தவறு.

குறித்த நாளில் உண்ணாவிரதத்தில் உட்கார்ந்தேன். இதே சோபாவில், சிவப்புத் துண்டோடு. காலையில் சுகந்தி ஹாட்பாக்ஸில் எனக்குச் சோறு வைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். பேத்தி ஸ்கூல் வேனுக்கு ஓடினாள். சமதர்மன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது, அவனும் ஓடினான். ஒரு மனிதன் பட்டினி கிடக்கிறான், வீட்டில் பார்க்க ஆள் இல்லை. ராத்திரி மகன் வந்தான்.

"சாப்டீங்களாப்பா?"

"இல்லை" என்றேன்.

"சரிப்பா" என்று போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான்.

சிறையில் உண்ணாவிரதம் இருந்திருக்கிறேன். அங்கே வார்டன் வந்து எட்டிப் பார்ப்பான், திட்டுவான், டாக்டரைக் கூப்பிடுவான். எதிரி என்றால் அப்படி இருக்க வேண்டும். இங்கே மறுநாள் சாயங்காலம் சுகந்தி ஹாட்பாக்ஸைக் கழுவ எடுத்தபோதுதான் சங்கதி தெரிந்தது. "ஏனுங்க மாமா, நேத்தும் அப்படியே இருந்துச்சு, இன்னைக்கும் அப்படியே இருக்குது. சங்கத்துல சாப்டீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியில் எனக்குக் கண் இருட்டியது, பட்டினியால் அல்ல.

பேச்சுவார்த்தைக்கு அவள்தான் உட்கார்ந்தாள். மகன் நின்றுகொண்டிருந்தான். புடவையைக்கூட மாற்றவில்லை, வேலையிலிருந்து வந்த கோலத்தில் எதிரே உட்கார்ந்து, "கோரிக்கை என்னங்க மாமா, சொல்லுங்க" என்றாள்.

"ஒன்று, காரை விற்க வேண்டும்."

"சரிங்க. வித்தறலாமுங்க."

"இரண்டு, ஏசியை எடுக்க வேண்டும்."

"எந்த ஏசிங்க? நம்ம வூட்ல ஒண்ணுதான இருக்குது. உங்க ரூம்ல."

"அது மருத்துவக் காரணம். மூன்றுக்குப் போ. போனில் சோறு வரவழைப்பதை நிறுத்த வேண்டும்."

"நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சுங்க. காலையில அஞ்சு மணிக்கு மிக்ஸி சத்தம்னு நீங்கதான சத்தம் போடறீங்க?"

"நான்கு, தன்யாவை அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும்."

அவள் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். பிறகு, "அதை மட்டும் கேக்காதீங்க மாமா. வேற எது வேணும்னாலும் கேளுங்க" என்றாள். நிர்வாகம் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும், எனக்கு அந்த இடம் தெரியும். நான்காவதை ஒத்திவைத்தேன். தலைவர் ஒருவர் பழரசம் கொடுத்து முடித்து வைப்பதுதான் முறை. இவள் மோரை நீட்டினாள். உப்பு கூட இல்லை.

ஆனால் வெற்றி வெற்றிதானே. முதல் கோரிக்கையை ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டாள். மில்லில் நிர்வாகம் அப்படி உடனே தலையாட்டினால் நாங்கள் சந்தேகப்படுவோம். அவர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருந்த காரியமாக அது இருக்கும். வீட்டில் அப்படி இல்லை. இது என் பட்டினிக்குக் கிடைத்தது.

என்ன சொல்கிறீர்கள்? விளம்பரத்தை ஜூலை மாதமே போனில் பார்த்தீர்களா? இருக்காது. உண்ணாவிரதம் செப்டம்பரில். வேறு ஏதோ வெள்ளைக் காராக இருக்கும். படத்தில் முன்சீட்டில் சிவப்புத் துண்டு போட்ட ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரா? சிவப்புத் துண்டு எத்தனையோ பேர் போடுகிறார்கள்.

சாயங்காலம் வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் டிவி சத்தம். வண்டிக்குள் அமைதி. அதற்காக அந்த வண்டி எனக்குப் பிடித்தது என்று அர்த்தமா? முட்டி போன பிறகு பஸ் படிக்கட்டில் ஏற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன்தான் சங்கத்துக்குக் கொண்டுபோய் விடுவான். கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடிப்பான். கேட்டாலே எரிச்சல். தோழர்கள் இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார்கள். வேண்டாமப்பா வேண்டாமப்பா என்றுதான் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். துரைராசு என்று ஒருவன், செட்டில்மெண்ட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவன், அவன் மட்டும் உள்ளேயே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பான். பார்க்கட்டும் என்று மெதுவாக இறங்குவேன். முட்டிக்காக.

இனிமேல் எப்படிப் போவீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறாள் சுகந்தி. "கடனெல்லாம் போக ஒரு நாப்பதாயிரம் நிக்குமுங்க மாமா. பழைய ஸ்கூட்டர் ஒண்ணு எடுத்தறலாம். வேன் பீஸும் மிச்சம், பாப்பாவை நானே ஸ்கூல்ல உட்டறுவேன். ஞாயித்துக்கெழமை உங்களையும் சங்கத்துல உட்டறேன்" என்றாள். யோசித்துப் பாருங்கள். மருமகள் வண்டி ஓட்ட, நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேத்தியின் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு சங்கத்து வாசலில் போய் இறங்க வேண்டும். துரைராசு ஜன்னலிலிருந்து பார்க்க வேண்டும். நாங்கள் போராடியது இதற்கா? அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன், அதில் நான் ஏற மாட்டேன் என்று. "சரி, அப்பப் பார்த்துக்கலாமுங்க" என்றாள். எதற்கும் கோபப்படாத ஆளோடு எப்படிப் போராடுவது? அதுவும் ஒரு வெறுப்பு எனக்கு.

வண்டி நல்ல வண்டிதான். நான் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளத்துக்குப் பிறகும் நன்றாகத்தான் ஓடுகிறது.

எந்த வெள்ளமா? அவள் சொல்லவில்லையா? சொல்லியிருக்க மாட்டாள். சரக்கின் குறையை மறைத்து விற்பது முதலாளி புத்தி, அது இந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் சொல்கிறேன், கேளுங்கள். போன வருடம் ஒரு தோழருக்கு நினைவுக் கூட்டம். நான்தான் பேச வேண்டும். நல்ல மழை. பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சமதர்மன், "சுத்திப் போயிறலாம்பா" என்றான். சுற்றிப் போனால் கூட்டம் ஆரம்பித்துவிடும், எனக்கு முன்னால் துரைராசு பேசிவிடுவான். "தண்ணிக்குப் பயந்தவனுக்கு ஏன்டா சமதர்மன்னு பேரு? விடு வண்டியை" என்றேன். விட்டான். நடுவில் பயந்து பிரேக்கை மிதித்துவிட்டான். வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் சீட்டு மட்டம் வரை வந்தது. இந்தத் தலைமுறைக்கு ஒரு காரியத்தைப் பாதியில் விடாமல் செய்யத் தெரியாது. மெக்கானிக் கேட்ட பணத்துக்கு இன்னொரு கடன். எனக்குக் கூட்டமும் போயிற்று.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? கால் வைக்கிற மேட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டுமா? பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். சாவி இதோ. முன்பக்க மேட்டுக்கு அடியில் துரு இருக்கும். கதவைத் திறந்த உடனே ஒரு வாடை வரும். வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போய்விடும். எனக்குப் பழகிவிட்டது.

பார்த்தாகிவிட்டதா? உட்காருங்கள். எவ்வளவு குறைக்கிறீர்கள்?

நாற்பதாயிரமா? எதற்கு? தண்ணீர் ஏறிய வண்டி என்று உங்களுக்கு யார் சொன்னது? நான். உண்மையைச் சொன்னதற்கு அபராதமா? தொழிலாளி நேர்மையாக இருந்தால் சம்பளத்தில் பிடிக்கிற மேஸ்திரியை நான் பார்த்திருக்கிறேன், அவன் மூஞ்சியும் உங்களைப் போலத்தான் சாதுவாக இருக்கும். நாற்பதாயிரம். இருங்கள். நாற்பதாயிரம் என்றால்...

பரவாயில்லை. ஸ்கூட்டரில் நான் ஏறுவதாக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன் அடிக்கிறது. அவள்தான்.

ஆங், சொல்லு. வந்துவிட்டார். எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். இல்லையே, ஒன்றும் பேசவில்லை, தண்ணீர் கொடுத்தேன். வண்டியைப் பார்த்தார். விலையா? பேச்சுவார்த்தை நடக்கிறது. கொஞ்சம் குறைக்கிறார். கொஞ்சம்தான். நாற்பது. ஆமாம், நாற்பதாயிரம். எப்படித் தெரிந்ததா? அவருக்கு மூக்கு இருக்கிறது, வாடையைப் பிடித்திருப்பார். அலோ. சுகந்தி. அலோ.

இணைப்பில்தான் இருக்கிறாள். பின்னால் பஸ் சத்தம் கேட்கிறது.

சொல்லு, கேட்கிறது. சரி. சரி, சொல்லிவிடுகிறேன்.

வைத்துவிட்டாள். கேட்டீர்களா, "குடுத்தறுங்க மாமா" என்கிறாள். அவ்வளவுதான். ஒரே போன், ஒரே வார்த்தை, சரணாகதி. கேட்டில் நான்கு நாள் நிறுத்தி வைத்திருந்தால் நீங்கள் பாதியாவது இறங்கி வந்திருப்பீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த லட்சணத்தில் இவர்களுக்காக நான் பட்டினி கிடந்தேன். குரல் வேறு கம்மிப் போயிருந்தது. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும்.

சரி, உங்களுக்குத்தான் வண்டி. அவள் வந்து பேப்பரில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதற்குள் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? ஓட்டிப் பார்க்காமல் யாராவது வண்டி வாங்குவார்களா? எழுந்திருங்கள். நானும் வருகிறேன், வழி நான் சொல்கிறேன். துண்டை எடுத்துக்கொள்கிறேன், ஒரு நிமிடம்.

இல்லை, நான் பின்னால் உட்கார மாட்டேன். முன்சீட்டுதான். கதவை இப்படி லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் சாத்தாது. கண்ணாடியை இறக்குங்கள், முழுக்க இறக்குங்கள். முனையில் இடது பக்கம் திருப்புங்கள். மெயின் ரோடு வேண்டாம், அங்கே நெரிசல். நேரே போனால் ஒரு மஞ்சள் கட்டடம் வரும், கொடிக்கம்பம் இருக்கும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, இருந்தாலும் இந்த நேரத்துக்கு ஆள் இருப்பார்கள்.

அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். நான் இறங்க மாட்டேன், வேலை ஒன்றும் இல்லை. நிறுத்தி ஹாரனை ஒரு தடவை அடியுங்கள். போதும். யாராவது வெளியே வந்து கதவைத் திறந்தால், வேண்டாமப்பா என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.